நாள் கூலியா, சதுர அடியா, முழு கான்ட்ராக்ட்டா, மாதச் சம்பளமா? புதுச்சேரி, கடலூர் தச்சர்களுக்கு ஓர் ஒப்பீடு

வார்ட்ரோப் செய்ய விலை கேட்டால் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. உப்பளம் பக்கம் பழைய வீட்டு ஜன்னலைச் சரிசெய்யக் கூப்பிட்டாலும் வாயில் வருவது அதே சதுர அடிதான். உளி பிடிக்கத் தெரிந்த, மூலை விலகாமல் கதவு சேர்க்கத் தெரிந்த ஆசாரிகள் பலர் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், தங்கள் கையாளைவிடக் கொஞ்சமே அதிகம் சம்பாதித்திருப்பார்கள். வேலைக்குப் பொருந்தாத கணக்கில் கூலி பேசியதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கூலி பேச நான்கு வழிகள் இருக்கின்றன: நாள் கூலி, அளவுக்கு லேபர், பொருளோடு சேர்த்து முழு கான்ட்ராக்ட், ஒரு கம்பெனியில் மாதச் சம்பளம். எந்த வேலைக்கு எது சரி என்று தெரிய வேண்டுமானால், நான்கையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்கான உதாரணங்கள். அந்த இடத்தில் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் ஒரு நாளின் விலை

ஒரு மாதத்துக்கு வீட்டுச் செலவு 30,000. மெஷின்கள் (சர்க்குலர் சா, ரூட்டர், டிரில், பிளேனர் எல்லாம் சேர்த்து) 60,000 ரூபாய்க்கு வாங்கி மூன்று வருடம் உழைத்தால் மாதம் சுமார் 1,700. பிளேடு, பிட், சாணை, கார்பன் பிரஷ் 1,000. பெட்ரோல் 3,000. உடம்புக்கு முடியாமல் போனாலோ வயதானாலோ ஆகும் செலவுக்காக எடுத்து வைப்பது 3,500. மொத்தம் 39,200.

இதை எத்தனை நாளால் வகுக்கிறீர்கள் என்பதில்தான் முதல் நஷ்டம் வருகிறது. மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் நாளுக்கு 1,508 வரும். ஆனால் அளவெடுக்கப் போன நாள், டைல்ஸ் வேலை முடியவில்லை என்று திரும்பி வந்த நாள், மைக்கா (பலகை மேல் ஒட்டும் ஷீட்) டிசைன் பார்க்க வீட்டுக்காரரோடு கடைக்குப் போன நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் சைட் நின்ற நாள் இதற்கெல்லாம் யாரும் பணம் தருவதில்லை. கூலி கிடைக்கும் நாள் 20 என்று வைத்தால் 1,960. நாளுக்கு 452 ரூபாய் வித்தியாசம். 1,500-க்கு ஒப்புக்கொண்டவர் மெஷின் தேய்மானத்தையும் மருத்துவச் செலவையும் தன் கூலியிலிருந்தே கட்டுகிறார். இரண்டு வருடம் கழித்து ரூட்டர் எரிந்துபோனால் வட்டிக்கு வாங்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

உங்கள் கூலி நாட்கள் எத்தனை என்று கணிக்க, போன மூன்று மாதக் காலண்டரை எடுத்துப் பணம் வந்த நாளை மட்டும் வட்டமிட்டு எண்ணுங்கள். மழைக்காலத்தில் ஒரு மாதமாவது அதில் இருக்கட்டும்.

இனி எந்தப் பேச்சுக்கும் இந்த 1,960-தான் அடித்தளம். கையாளுக்கு 800 என்றால் ஆசாரியும் கையாளும் சேர்ந்த ஒரு நாள் 2,760.

அளவுக்கு லேபர்: எங்கே கணக்கு வழுக்குகிறது

ஒரு வார்ட்ரோப் என்று வைப்போம்: உயரம் 7 அடி, அகலம் 6 அடி, ஆழம் 2 அடி. முகப்பு, அதாவது முன்பக்கப் பரப்பு, 42 சதுர அடி. லேபர் சதுர அடிக்கு 350 என்று பேசினால் 14,700. ஆசாரியும் கையாளும் 5 நாளில் முடித்தால் செலவு 13,800, 900 மிச்சம். சரியான பேரம்தான்.

ஆனால் வீட்டுக்காரர் பணம் கொடுப்பது முகப்புக்கு. நீங்கள் உழைப்பது உள்ளே. அதே அலமாரியை இரண்டு அறையாகப் பிரித்து, துணி தொங்கவிட ஒரு ராடும் நான்கு தட்டும் வைத்தால் 18 எம்.எம். பிளைவுட் இப்படி வரும்: நிற்கும் பலகை மூன்று, 42 சதுர அடி, மேலும் கீழும் 24, தட்டுகள் 24, ஷட்டர் (கதவுப் பலகை) 42. மொத்தம் 132. மூன்று அறையாக்கி, பத்துத் தட்டு போட்டால் நிற்கும் பலகை நான்கு, 56, மேல் கீழ் 24, தட்டுகள் 40, ஷட்டர் 42. மொத்தம் 162. இதற்கு மேல் ஆறு டிராயர். முகப்பு இரண்டுக்கும் அதே 42 சதுர அடி.

டிராயர் என்பது தனி உலகம். முன், பின், இரண்டு பக்கம், அடி என்று ஐந்து துண்டு வெட்ட வேண்டும். அதன் மேல் முகப்புப் பலகை. இரண்டு பக்கமும் டிராயர் ஓடுவதற்கான சேனல். சேனல் ஒரு பக்கம் 2 எம்.எம். தாழ்ந்தாலும் டிராயர் மூடும்போது ஒரு மூலை முந்திக்கொண்டு நிற்கும். அறையின் உள் அகலம் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவாக இல்லையென்றால் பாதி வழியில் இறுகும். பால்பேரிங் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.5 எம்.எம். வீதம் இடம் விட வேண்டும். உள்ளே மைக்கா ஒட்டிய பிறகு அளவெடுக்காமல் ஒட்டும் முன் எடுத்தால் அந்த இடம் சுருங்கிவிடும், டிராயரைத் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். எல்லாம் சேர்த்து ஒரு டிராயருக்கு இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். ஆறுக்கு 12 மணி நேரம், அதாவது ஒன்றரை நாள், 4,140 ரூபாய். 5 நாள் வேலை ஆறரை நாளாகி, செலவு 17,940 ஆகிவிடும். கையில் வருவது அதே 14,700. ஒரு அலமாரியில் 3,240 நஷ்டம், அதுவும் சுத்தமாக வேலை செய்ததற்காக.

இதைத் தடுக்க வழி எளிது. சதுர அடி விலைக்குள் என்ன அடக்கம் என்பதை முதலிலேயே சொல்லி, மற்றதைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். டிராயர் ஒன்றுக்கு 700. உள்பக்கம் இருபுறமும் மைக்கா என்றால் தனி ரேட். புரொஃபைல் லைட்டுக்குக் காடி (பள்ளம்) எடுப்பது ரன்னிங் அடிக்கு, அதாவது நீள அடிக்கு. லாஃப்ட் (மேலே வரும் பரண்) முகப்புக் கணக்கில் சேருமா, வெளியே தெரியும் பக்கப் பலகை சேருமா என்பதையும் அளவெடுக்கும் அன்றே பேசிவிடுங்கள். பில் போடும் நாளில் பேசினால் வீட்டுக்காரருக்கு அது புது விலையாகத் தெரியும், உங்களுக்கு அது பழைய வேலை.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் பிளைவுட் ஏற்றுகூலி தனி. 8×4 அடி, 18 எம்.எம். ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ. ஆறு ஷீட்டை மாடி ஏற்றிவிட்டு, அன்று மதியம் யாரும் நேராக வெட்ட முடியாது.

அளவுக் கணக்கு உங்களுக்கு லாபமாவது எப்போது? ஒரே மாதிரி வேலை பலமுறை வரும்போது. ஒரு அப்பார்ட்மென்டில் எட்டு வீட்டுக்கும் அதே கிச்சன், அதே வார்ட்ரோப் என்றால் ஜிக் (ஒரே அளவில் வெட்டவும் துளைக்கவும் உதவும் அச்சு) செய்து வைத்துக்கொண்டு, எல்லா ஷட்டரையும் ஒரே நாளில் வெட்டி, கீல் குழியை ஒரே அமைப்பில் துளைத்துவிடலாம். ஐந்து நாள் வேலை மூன்றரை நாளில் முடியும். மிச்சமாகும் நாளின் காசு உங்களுக்கு. வேகமும் நல்ல மெஷினும் உள்ள ஆள் இந்த வகை வேலையை நாள் கூலிக்கு எடுப்பது தன் திறமையைச் சும்மா கொடுப்பதாகும்.

நாள் கூலி: பழைய வீடும் ரிப்பேரும்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தெருக்களிலும், அந்தப் பக்கம் தமிழர் தெருக்களில் திண்ணை வைத்த வீடுகளிலும் இன்னும் பழைய தேக்கு நிலைகளும் சாய்வுப் பட்டை வைத்த ஜன்னல்களும் இருக்கின்றன. இந்த வேலைக்கு அளவு ரேட் பேசவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நிலையின் கால் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பெயின்ட் மேல் பெயின்ட்டாகப் பூசியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கல் மாதிரி இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் எட்டு இஞ்ச் உயரம் வரை உள்ளே போகும். சுண்ணாம்புப் பூச்சை உடைத்துத் திறந்தால், சுவர்ப்பக்கம் ஒன்றரை அடி வரை கரையான் தின்றிருக்கும். கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, அதே ஈரப்பதமுள்ள பழைய தேக்கில் துண்டு செய்து, சாய்வாக வெட்டி ஒட்டுப்போட வேண்டும். சாய்வின் நீளம் மரத் தடிமனைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு இருந்தால்தான் ஒட்டு தாங்கும். 3 இஞ்ச் நிலைக்கு 18 முதல் 24 இஞ்ச். நேராக வெட்டி முட்டவைத்து ஆணி அடித்தால் அடுத்த மழையில் அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கும். திறக்கும் வரை இதில் எத்தனை நாள் ஆகும் என்று ஆசாரிக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரியாத நாளின் பாரத்தை ஆசாரி ஏன் சுமக்க வேண்டும்?

வீட்டுக்காரர் "மொத்தமா எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க" என்று கேட்பது நியாயம்தான். அவருக்கும் பட்ஜெட் உண்டு. இதற்கு நடுவழி: திறந்து பார்க்க மட்டும் ஒரு நாள் கூலி. அன்று மாலை எது கெட்டது, எது நல்லது என்று போட்டோவோடு காட்டி, "இவ்வளவு நாளிலிருந்து இவ்வளவு நாளுக்குள்" என்று இரண்டு எல்லை சொல்லுங்கள். மேல் எல்லையை நெருங்கும்போது வேலையை நிறுத்திச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். மரமும் சாமானும் பில்படி வீட்டுக்காரர் செலவு. ஜன்னல் பட்டைகளை மட்டும் எண்ணிக்கைக்குப் பேசலாம்; ஒரு பட்டையை மாதிரி செய்து பொருத்திப் பார்த்தபின் மற்றதற்கு நேரம் தெரிந்துவிடும்.

நாள் கூலியில் கெடுதலும் இருக்கிறது. எட்டு நாள் வேலையைச் சொந்த மெஷினால் ஐந்து நாளில் முடித்தால் மூன்று நாள் கூலி உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது. அதனால் மெஷின் வாடகையைக் கூலியோடு கலக்காமல் தனி வரியாகச் சொல்லுங்கள். உங்கள் மெஷின் தேய்மானமும் பிளேடும் சேர்த்து 20 நாளுக்கு 2,700 என்றால் நாளுக்கு 135 அசல் மட்டுமே. அதற்குக் கீழே போகாதீர்கள். மேஸ்திரியிடம் நாள் கூலிக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை சம்பளத்தை அடுத்த சனிக்குத் தள்ள விடக்கூடாது. இரண்டு வாரம் பாக்கி நின்றால், பாக்கியை விட்டுப்போக மனமில்லாமல் மூன்றாவது வாரமும் வேலை செய்வீர்கள். பல பேருடைய கூலி மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கடலூர் ஆட்கள் ஒன்று கவனிக்க வேண்டும். முள்ளோடையைத் தாண்டினால் யூனியன் பிரதேசம். குறைந்தபட்சக் கூலியைத் தமிழ்நாடு அரசும் புதுச்சேரி அரசும் தனித்தனியே அறிவிக்கின்றன. வேலை நடக்கும் இடத்தின் அறிவிப்புதான் பொருந்தும். இரண்டிலும் திறமைக்கு ஏற்ற பிரிவுகள் உண்டு. திறமைப் பணியாளர் பிரிவில் வர வேண்டிய தச்சரைச் சம்பளப் பதிவில் "ஹெல்பர்" என்று எழுதிவிட்டால் கூலியோடு ஓவர்டைமும் குறையும், ஏனென்றால் ஓவர்டைம் இரட்டிப்புக் கணக்கு அந்தக் கூலியின் மேல்தான் நிற்கிறது. குறைந்தபட்சக் கூலி என்பது தரை. நல்ல ஆசாரியின் சந்தைக் கூலி அதற்கு மேலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

முழு கான்ட்ராக்ட்

பொருளும் லேபரும் உங்களுடையது. லாபம் இதில்தான் அதிகம், முழுகிப்போவதும் இதில்தான். இங்கே தச்சு அறிவோடு கடை நடத்தும் அறிவும் வேண்டும்.

கழிவைக் கணக்கிடத் தெரியாதவர் இதில் இறங்கக் கூடாது. மேலே சொன்ன மூன்று அறை வார்ட்ரோபுக்கு 162 சதுர அடி 18 எம்.எம். பிளைவுட் வேண்டும். ஒரு ஷீட்டின் 32 சதுர அடியால் வகுத்தால் 5-க்குச் சற்று மேல். வாங்க வேண்டியது 6 ஷீட். ஷட்டரை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 18 இஞ்ச் அகலம். 4 அடி மைக்காவில் அப்படி இரண்டுதான் வரும், 12 இஞ்ச் பட்டை கழிவு. கோடு ஓடும் டிசைன் என்றால் அந்தப் பட்டையைப் படுக்கையாகவும் போட முடியாது. வீட்டுக்காரர் மர டிசைன் தேர்ந்தெடுத்த அன்றே கழிவு கூடிவிடுகிறது. அதற்குப் பிறகு பழைய கொட்டேஷனில் நிற்கக் கூடாது.

மரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 7 அடிக்கு மூன்றரை அடி நிலை, 5×3 இஞ்ச் கட்டை. நீளம் 7+7+3½ = 17½ அடி. 17½ × 5 × 3 ÷ 144 = 1.82 கன அடி. ஆனால் இழைத்த பிறகு 5×3 நிற்க வேண்டுமென்றால் கால் இஞ்ச் கூடுதலாக 5¼×3¼ வாங்க வேண்டும், அப்போது 2.07 கன அடி. ஒரு நிலைக்குக் கால் கன அடி வித்தியாசம், எட்டு நிலைக்கு 2 கன அடி. தேக்கு விலையில் அந்த 2 கன அடி உங்கள் சில நாள் கூலிக்குச் சமம். டிம்பர் டிப்போவில் வெடிப்பு, கணு, வெளிக்காழ் (வைரம் பாயாத வெளிமரம்) பார்த்து ஒதுக்குவது இதற்கு மேல் தனி.

பிளைவுட் தரத்தையும் கொட்டேஷனில் எழுதுங்கள். கிச்சன் சிங்க் அடியிலும் தரைமட்டப் பெட்டியிலும் ஐ.எஸ். 710 மெரைன், படுக்கையறையில் ஐ.எஸ். 303 போதும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் தண்ணீர் புகுந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அடிப்பலகை எப்படி ஊதும் என்று விளக்க வேண்டியதில்லை. கடற்காற்று படும் தெருவில் சாதா கீலைப் போட்டுவிட்டு, துரு பிடித்ததும் இலவசமாக மாற்றிக் கொடுத்தால் அந்தச் செலவு உங்களுடையது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் என்று முதலிலேயே எழுதி, விலையை ஏற்றுங்கள்.

பணம் வாங்கும் வரிசை: முதல் தவணை பொருள் முழுவதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும், வழக்கமாக 50 சதவீதம் என்பார்கள், பொருள் செலவு 60 சதவீதம் வரும் வேலையில் 60 கேளுங்கள். பெட்டி நின்றதும் 20, ஷட்டர் மாட்டியதும் 15, கைப்பிடி வைத்துச் சரிபார்த்ததும் கடைசி 5. கடைசித் தவணையை 20 சதவீதமாக விட்டவர்கள் சின்னக் கீறலுக்காக மாதக்கணக்கில் நடந்திருக்கிறார்கள். பொருளைக் கடையில் கடன் சொல்லி எடுத்து வேலை செய்தால், வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது நீங்கள்.

திரும்பப் போகும் நாளையும் விலையில் சேர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி இறுகும். அப்போதே சீவிவிட்டால் சித்திரை வெயிலில் இடைவெளி விழும், பழி ஆசாரி மேல் வரும். "ஒரு மழையும் ஒரு கோடையும் கழித்து ஒருமுறை இலவசச் சரிபார்ப்பு" என்று சொல்லி, அதற்கு அரை நாள் கூலியை விலையில் வைத்தால் உங்களுக்கும் நஷ்டமில்லை, பெயரும் நிற்கும்.

எல்லை தாண்டும் வேலையில் ஜி.எஸ்.டி. ஒரு சிக்கல். பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு வருடம் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். சேவைக்கு இரண்டிலும் 20 லட்சம். ஆனால் லாஸ்பேட்டைப் பட்டறையில் கட்டில் செய்து மஞ்சக்குப்பத்தில் விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. பொருளாக விற்கும்போது வரம்பு பார்க்காமல் பதிவு கேட்கப்படும். லேபர் மட்டும் என்றால் சேவை, 20 லட்ச வரம்பு எல்லை தாண்டினாலும் உண்டு. இரண்டு பக்கமும் வேலை எடுப்பவர்கள் லேபரையும் பொருளையும் தனித்தனியாக பில் செய்வதா, பதிவு எடுப்பதா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

பட்டறை போட முதல் வேண்டும் என்றால்: புதுச்சேரிக்காரர்களுக்கு பி.எம். விஸ்வகர்மா திட்டம், 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கியது. தச்சு அதன் 18 தொழில்களில் ஒன்று. கருவிக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், அதைச் சரியாகக் கட்டினால் அடுத்து 2 லட்சம். தமிழ்நாடு அந்தத் திட்டத்தை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. 35 வயது நிரம்பிய கடலூர்த் தச்சர் 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000, மானியமும் கேட்கலாம். மெஷின் வாங்க இந்தக் கடன் சரி. வீட்டுக்காரர் தர வேண்டிய அட்வான்ஸுக்குப் பதிலாக இதை எடுத்து பிளைவுட் வாங்காதீர்கள்.

மாதச் சம்பளம்

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமோ, ஒரு இன்டீரியர் கம்பெனியிலோ 28,000 சம்பளம் என்று கூப்பிட்டால் எதோடு ஒப்பிடுவது? சைட்டில் 39,200 வந்தாலும் அதில் மெஷின், பிளேடு, பெட்ரோல் 5,700 போய்விடுகிறது. கைக்கு நிற்பது 33,500. கம்பெனியில் மெஷின் அவர்களுடையது. பி.எஃப். பிடித்தால் 15,000 ரூபாய் வரம்பில் முதலாளி பங்கு 12 சதவீதம், 1,800, உங்கள் பேரில் சேரும். ஆக 28,000 சம்பளம் 29,800-க்குச் சமம். மழை மாதத்திலும் அது வரும். 33,500-ஐ வருடம் முழுதும் எடுக்க முடியாதவருக்கு இது மோசமான பேரம் அல்ல. கையில் எப்போதும் வேலை வரிசையாக நிற்கும் ஆசாரிக்கு இது இறக்கம்.

இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000. 20,500 சம்பளக்காரருக்கு மருத்துவமும் விபத்துக்கால உதவியும் கிடைக்கும்; புதிதாகச் சேரும் 22,000 சம்பளக்காரருக்குக் கிடையாது. ரம்பத்தில் விரல் போகும் தொழில் இது. 21,000-க்கு மேல் சம்பளம் பேசுகிறவர்கள் கம்பெனி செலவில் விபத்துக் காப்பீடு கேட்டு வாங்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பணி நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. அந்தக் கடிதத்தில் "தச்சர்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

சைட் வேலை செய்கிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் வாரியம் தனித்தனி. கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் வசூலித்துத்தான் இந்த நிதி சேர்கிறது, அது உங்கள் உழைப்பின் பங்கு.

கம்பெனிக்கு சப்-கான்ட்ராக்ட் எடுத்தால்

இன்டீரியர் கம்பெனிகள் லேபரை உங்களிடம் விட்டுவிட்டு, "கிளையன்ட் பணம் தரலை" என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். வேலையைத் தொடங்கும் முன் உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்துகொள்ளுங்கள்; அது இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். பதிவுள்ள குறுந்தொழிலுக்கு, எழுத்தில் கெடு இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. அதோடு, கெடு தாண்டியும் வருட முடிவில் பாக்கி நிற்கும் தொகையைக் கம்பெனி அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. மார்ச் மாதம் பாக்கி கேட்கும்போது இதை நினைவூட்டினால் வேலை நடக்கும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருக்க வேண்டும்.

அவர்கள் ஒரு சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமானக் கணக்குத் தாக்கல் செய்தால், நீங்கள் கட்ட வேண்டிய வரி போக மிச்சம் திரும்பக் கிடைக்கும். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள்.

கடைக் கமிஷன்

பிளைவுட் கடை தரும் கமிஷனை நம்பி லேபரைக் குறைத்துப் பேசும் பழக்கம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. இது ஆசாரியின் மதிப்பையே அரிக்கிறது. வீட்டுக்காரர் ஒருநாள் வேறு கடையில் விலை கேட்டுவிட்டால், அதன்பின் உங்கள் அளவையும் சந்தேகப்படுவார். கடை மாறினால் உங்கள் கூலியும் குறையும். லேபரை முழுசாகச் சொல்லுங்கள். "பொருளை நீங்களே வாங்குங்க, லிஸ்ட் தர்றேன், கடையில் வந்து தரம் பார்த்துத் தர்றதுக்கு அரை நாள் கூலி" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பலகையைத் தட்டிப் பார்த்து உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று சொல்லும் அறிவுக்கு அது நேர்மையான விலை.

எந்த வழியில் பேசினாலும் அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இப்படி:

"வணக்கம் சார். இன்னைக்குப் பேசினது: மாஸ்டர் பெட்ரூம் வார்ட்ரோப் 7 அடி × 6 அடி, முகப்பு 42 சதுர அடி, லேபர் சதுர அடிக்கு 350, மொத்தம் 14,700. இதுல 3 அறை, 10 தட்டு, ஷட்டர் வெளிப்பக்கம் மைக்கா, உள்பக்கம் மெல்லிய லைனர் ஷீட் அடக்கம். டிராயர் 6, ஒண்ணுக்கு 700, 4,200. ஆக 18,900. பொருள் உங்க பொறுப்பு, லிஸ்ட் தனியா அனுப்புறேன். டிசைன் மாத்தினா கூடுதல் நாளுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து 2,760. அட்வான்ஸ் 6,000, பெட்டி நின்னதும் 6,000, ஷட்டர் மாட்டினதும் 5,900, முடிச்சுக் காட்டி 7 நாளுக்குள்ள 1,000. சரின்னா 'ஓகே'ன்னு பதில் போடுங்க, திங்கட்கிழமை வர்றேன்."

பதில் வந்த பிறகு வேலைக்குப் போங்கள்.

"பக்கத்துத் தெரு ஆள் 280-க்குச் செய்றார்" என்ற பேச்சு வராமல் இருக்காது. உடனே 280-க்கு இறங்கினால் 42 சதுர அடியில் 2,940 போகும். உங்கள் ஒரு நாள் கூலியைவிட அதிகம், கையாள் கூலியும் சேர்ந்து போன மாதிரி. முதலில் அந்த 280-இல் டிராயர் அடக்கமா, உள்பக்க லைனர் உண்டா, எட்ஜ் பேண்டிங் (பலகை ஓரத்தில் ஒட்டும் பட்டை) எந்த எந்த ஓரத்துக்கு என்று வீட்டுக்காரரையே கேட்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடக்கமாக இருக்காது. பிறகும் பட்ஜெட் இடித்தால் ரேட்டைத் தொடாமல் வேலையைக் குறையுங்கள்: ஆறு டிராயரை இரண்டாக்கினால் 2,800 குறையும், மிச்ச இடத்தில் தட்டு வைத்துத் தரலாம், பின்னால் வேண்டும்போது டிராயர் போட இடம் விட்டு வைக்கலாம். அவருக்கும் பணம் குறைந்தது, உங்கள் ஒரு நாளின் விலை 1,960-லேயே நிற்கிறது.